170 நாள் சாம்பியன்: ஜிந்தர் மஹாலும் நம்ம ஊர் படுகளமும்

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் எடிட் செய்யப்பட்டது.

இன்னைக்கு ஒரு திங்கட்கிழமை விடிகாலையைப் பத்திப் பேசப்போறோம். 2017 மே 22. அமெரிக்காவில் அப்போ மே 21, ஞாயிறு ராத்திரி. சிகாகோ பக்கத்தில் ரோஸ்மான்ட்னு ஒரு ஊர், அங்கே ஆல்ஸ்டேட் அரீனா. டபிள்யூ டபிள்யூ இ நடத்தின 'பேக்லாஷ்' நிகழ்ச்சியோட கடைசி மேட்ச்சில் ராண்டி ஆர்ட்டனைச் சாய்ச்சு ஜிந்தர் மஹால் சாம்பியன் ஆனார்.

அது சாதாரண பெல்ட் இல்ல. ஹல்க் ஹோகன், ஸ்டோன் கோல்ட், ராக், ஜான் சீனா எல்லாரும் தோள்ல போட்டுக்கிட்டு நடந்த அதே சாம்பியன்ஷிப். இந்திய வம்சாவளியில் வந்த ஒருத்தர் அதை ஜெயிச்சது அதுதான் முதல் தடவை.

நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தேன். எங்க ஹாஸ்டல்ல இருந்த பாதிப் பேர் ட்ரம்ப் கார்டு வெச்சு வளர்ந்தவங்க. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு சின்ன வயசுல சத்தியம் பண்ணினவங்க. 'நம்ம ஆளு' ஜெயிச்ச செய்தி வந்தப்போ கொண்டாட்டமே இல்ல. ஒருத்தன் போனைப் பார்த்துட்டு, "இவன் போன மாசம் வரைக்கும் தோத்துட்டுதானடா இருந்தான்?"னு கேட்டான். அவ்ளோதான், டிபன் சாப்பிடக் கிளம்பிட்டோம்.

அந்தக் கேள்வியை நான் ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன். ரிசல்ட் எழுதி வெச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் யாரு ஜெயிச்சா என்ன? ஏன் சில வெற்றி மட்டும் நமக்கு ஒட்டவே மாட்டேங்குது? இதுக்குப் பதில் எனக்கு அமெரிக்காவில் கிடைக்கல, தருமபுரி மாவட்டத்துப் பாரதக் கூத்துல கிடைச்சது. எப்படின்னு சொல்றேன்.

காசு கொடுக்காம பார்த்த பே-பெர்-வியூ

முதல்ல பே-பெர்-வியூன்னா என்னன்னு பார்த்துடலாம். வாரா வாரம் டிவியில் வர்ற நிகழ்ச்சியில் சண்டைக்கான காரணத்தை வளர்ப்பாங்க. ஒருத்தன் துரோகம் பண்ணுவான், இன்னொருத்தன் சவால் விடுவான். ஆனா தீர்ப்பு சொல்ற சண்டையை இலவசமாக் காட்ட மாட்டாங்க. கேபிள் கம்பெனிக்குத் தனியாக் காசு கட்டினாத்தான் அந்த ஒரு ராத்திரி நிகழ்ச்சி வீட்டு டிவியில் தெரியும். 1985-ல் முதல் ரெஸில்மேனியாவைப் பெரும்பாலானவங்க அரங்குகள்ல வெச்ச திரையில்தான் பார்த்தாங்க. அப்புறம் இந்தத் தனிக் கட்டண முறை வளர்ந்து, கம்பெனியோட முக்கிய வருமானமே ஆகிடுச்சு. 2014-ல் மாசம் 9.99 டாலருக்கு அவங்க சொந்த நெட்வொர்க் வந்த பிறகுதான் அந்தக் கணக்கு மாறினது.

இந்த அமைப்புல ஒரு கட்டாயம் இருக்கு. பார்க்கிறவர் தனியாக் காசு எடுத்து வைக்கணும்னா, "இந்தச் சண்டையோட முடிவை நான் பார்த்தே ஆகணும்"னு அவருக்குத் தோணணும். அப்போ விற்கப்படுற பொருள் சண்டை கிடையாது, பகை. சண்டை அந்தப் பகைக்கு எழுதற கடைசிப் பக்கம்.

நம்ம ஊர்ல யாரும் பே பண்ணல. 2002-ல் டென் ஸ்போர்ட்ஸ் வந்த பிறகு, கேபிள்காரர் அந்தச் சேனலை விட்டா எல்லாமே மாசச் சந்தாவுக்குள்ள. அதே வருஷம்தான் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒண்ணோட நடந்த வழக்கில் தோத்து, டபிள்யூ டபிள்யூ எஃப் தன் பேரை டபிள்யூ டபிள்யூ இ-ன்னு மாத்திக்கிச்சு. நம்ம ஆளுங்க இன்னமும் எஃப்-னுதான் சொல்றாங்க, அது வேற விஷயம். பின்னாடி நேரலை வந்தப்போ, அமெரிக்க ஞாயிறு ராத்திரி 8 மணின்னா நமக்குத் திங்கள் காலை 5:30. குளிர்காலத்துல 6:30. ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள முடிஞ்சா உண்டு.

இன்னொரு விஷயம். நம்மள்ல நிறைய பேருக்கு அந்த இங்கிலீஷ் பேச்சு புரியல. மைக் பிடிச்சு பத்து நிமிஷம் பேசுறாங்களே, பகையை வளர்க்கிற பகுதி, அது ஓடும்போது சேனல் மாத்திடுவோம். கையில இருந்த கார்டுலயும் ரேங்க், உயரம், எடை, நெஞ்சளவு மட்டும்தான். யாருக்கு யார் மேல என்ன கோபம்னு கார்டுல எழுதியிருக்காது. டேட்டாபேஸ் மாதிரி, நம்பர் எல்லாம் சரியா இருக்கும், கதை இருக்காது. ஆக, பே-பெர்-வியூவோட கடைசிப் பக்கத்தை மட்டும் நாம ஓசியில் படிச்சிட்டு இருந்தோம்.

படுகளத்தில் தெரிகிற விதி

இப்போ ஊருக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்கள்ல பாரதம் வைப்பாங்க. பகல்ல பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லுவார். ராத்திரி கூத்து. பல ஊர்ல 18 நாள். கடைசி நாள் காலையில் படுகளம்.

பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். திறந்த வெளியில மண்ணால துரியோதனனைப் படுக்க வெச்ச மாதிரி செஞ்சிருப்பாங்க. ஒரு ஆள் மேல ஏறி ஓடுற அளவுக்குப் பெரிசு. பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அதைச் சுத்திச் சுத்தி வருவாங்க. கடைசியில் பீமன் அந்த மண் உருவத்தோட தொடையில அடிப்பார். உள்ளே வெச்ச சிவப்பு நீர் வெளியே வரும். சபையில அவமானப்பட்ட நாள்ல இருந்து விரிஞ்சு கிடந்த திரௌபதியோட கூந்தலை அப்போதான் முடிவாங்க. சாயங்காலம் தீமிதி.

இதை ரெஸ்லிங் ரசிகன் கண்ணால பாருங்க. துரியோதனன் சும்மா நடந்து வர மாட்டார். ரெண்டு பேர் பிடிச்ச திரைக்குப் பின்னாடி நின்னு, தன் பெருமையைத் தானே பாடிக்கிட்டு, கட்டியங்காரனோட பேசிட்டுத்தான் வெளியே வருவார். என்ட்ரி மியூசிக்! கதைச் சண்டையில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாதுங்கிறது விதி. ஓரமா நிக்கிற கிருஷ்ணர் தொடையைக் காட்டிக் கொடுக்கிறார். வெளியே நிக்கிற மேனேஜர் கைகாட்ட, ஹீரோ விதியை மீறி ஜெயிக்கிறார். அதைப் பார்த்துப் பலராமர் கொதிக்கிறதும் கதையில் இருக்கு. மேட்ச் முடிவைப் பத்தின வாக்குவாதம் அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு.

யார் ஜெயிப்பாங்கன்னு தெரியாம படுகளத்துக்கு வந்தவங்க ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க. ஆனாலும் அந்த நேரத்துல அருள் வந்து ஆடுறாங்க, அழறாங்க. ஏன்னா அந்த ஒரு அடிக்குப் பின்னாடி சூதாட்டம் இருக்கு, துகில் இருக்கு, சபதம் இருக்கு, வனவாசம் இருக்கு. ஊர் மொத்தமும் இத்தனை ராத்திரி கண் முழிச்சு அந்தப் பகையைச் சுமந்திருக்கு. சாம்பியன்ஷிப் பெல்ட்டுக்குப் பதிலா இங்கே கூந்தல். பெல்ட்டோட மதிப்பு அதுல இருக்கிற தங்கத்துல இல்லன்னு இதைவிடத் தெளிவா யாரும் காட்ட முடியாது.

அடுத்து நடக்கிறதை மறந்துடாதீங்க. துரியோதனன் செத்த பிறகு அவனுக்காக ஒப்பாரி வைப்பாங்க. வில்லனையும் சும்மா தூக்கிப் போட மாட்டாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

18 வருஷம் காத்திருந்த ஒரு நிமிஷம்

மல்யுத்த வரலாற்றுலயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. லாகூர், அமிர்தசரஸ் வட்டாரத்தின் பெரும் மல்லர் காமா, 1910 செப்டம்பர் 10 அன்னைக்கு லண்டன்ல போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவைச் சந்திச்சார். 'ஜான் புல்' பத்திரிகையோட பெல்ட்டுக்கான போட்டி. ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையோட ஒட்டிக் குப்புறப் படுத்துக்கிட்டார். ரெண்டரை மணி நேரம் தாண்டியும் முடிவு வரல. ஒரு வாரம் கழிச்சு மறுபடி மோதணும்னு ஏற்பாடு. செப்டம்பர் 17, காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரல. பெல்ட் காமாவுக்கு.

அது வெற்றிதான், ஆனா தீராத கணக்கு. 1928 ஜனவரியில், பாட்டியாலா மகாராஜா முன்னிலையில், அதே ரெண்டு பேரும் மறுபடி மோதினாங்க. காமா ஒரு நிமிஷத்துக்குள்ள ஸ்பிஸ்கோவைக் கவுத்துட்டார். பெருங்கூட்டம் வந்து பார்த்தது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். யாரும் ஏமாந்துட்டோம்னு நினைக்கல, ஏன்னா அவங்க பார்த்தது 18 வருஷத்தோட முடிவை.

இதே ஸ்பிஸ்கோ நடுவுல இன்னொரு வேலை பண்ணினார். 1920-கள்லேயே அமெரிக்க மல்யுத்தத்துல முடிவைப் பேசி வெச்சு நடத்துறது வழக்கமாகிடுச்சு. 1925 ஜனவரியில் வெய்ன் மன்னுங்கிற ஒரு முன்னாள் கால்பந்தாட்டக்காரரைச் சாம்பியன் ஆக்கினாங்க. ஆறரை அடி உயரம், பேர் தெரிஞ்ச முகம், டிக்கெட் விக்கும்னு கணக்கு. மல்யுத்தம் பெரிசா தெரியாது. ஏப்ரல் 15, பிலடெல்பியாவில் ஸ்பிஸ்கோ அவர்கிட்ட தோக்கணும்னு பேச்சு. ஸ்பிஸ்கோ தோக்க மறுத்துட்டார். மேடையிலேயே நிஜமாப் பிடிச்சு அமுக்கி, பெல்ட்டை எடுத்துட்டுப் போயிட்டார். மன்னால ஒண்ணும் பண்ண முடியல. மார்க்கெட் கணக்கு மட்டும் போட்டுத் தூக்கி நிறுத்தின சாம்பியன் எப்படி விழுவார்ங்கிறதுக்கு இது முதல் பாடம்.

நம்ம தாத்தா தலைமுறைக்குத் தெரிஞ்ச பகை வேற, தாரா சிங், கிங்காங். கிங்காங்கோட நிஜப் பேர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். தாரா சிங் 1940-களின் கடைசியில் சிங்கப்பூர் போய், அங்கே வேலை பார்த்துக்கிட்டே மல்யுத்தம் பழகினவர். சிங்கப்பூர், மலாயா, இந்தியான்னு ஊர் ஊரா இவங்க மோதல் போச்சு. டிவி கிடையாது. ஒவ்வொரு ஊர்லயும் சுவரொட்டி, பேப்பர் விளம்பரம், வாய்வார்த்தை, இதுலயே பகை வளர்ந்துச்சு. ஒரு பக்கம் மலை மாதிரி வெளிநாட்டுக்காரர், இன்னொரு பக்கம் பஞ்சாப் கிராமத்துப் பையன். புதுசா சுதந்திரம் வாங்கின நாட்டுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையே இல்ல. 1968 மே 29-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸை தாரா சிங் ஜெயிச்சப்போ, அவருக்குப் பின்னாடி இருபது வருஷக் கதை இருந்தது. 1965-ல் வந்த 'மகாபாரத்' இந்திப் படத்தில் பீமனா நடிச்சதும் அவர்தான். படுகளத்துக்கும் ரிங்குக்கும் நடுவுல இருக்கிற தூரம் அவ்ளோதான்.

காளி, அப்புறம் 49 நாள்

டிவி காலத்துல நமக்கு முதல்ல கிடைச்சவர் கிரேட் காளி. நிஜப் பேர் தலிப் சிங் ராணா, இமாச்சலப் பிரதேசம் சிர்மௌர் மாவட்டம். கல் உடைக்கிற கூலி வேலை பார்த்தவர், பிறகு பஞ்சாப் போலீஸ். 2006-ல் வந்தவுடனே அண்டர்டேக்கர்கூட நேருக்கு நேர் நின்னார். மே 21 நடந்த 'ஜட்ஜ்மென்ட் டே' நிகழ்ச்சியில் அவரையே தோற்கடிச்சார். ஏழு உயிர்க்காரரையே ஒருத்தர் மிதிச்சுட்டார்! அந்த ஒரு மேட்ச்ல நம்ம பசங்களுக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சு. இங்கிலீஷ் தேவைப்படல. 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வந்து, செப்டம்பர் 16-ல் பாட்டிஸ்டாகிட்ட போச்சு. ரெண்டு மாசம்தான். ஆனாலும் இன்னைக்கும் காளி பேர் சொன்னா எங்க ஊர் டீக்கடையில ஆள் திரும்பும்.

ஜிந்தர் மஹால் விஷயம் வேற. நிஜப் பேர் யுவராஜ் சிங் தேசி. கனடாவின் கல்கரியில் பிறந்தவர். அவர் மாமா காமா சிங்கும் மல்லர்தான். கல்கரியோட ஸ்டாம்பீட் கம்பெனியில் வில்லன், 'கராச்சி வைஸ்'ங்கிற கூட்டத்தோட தலைவர். கவனிங்க, பஞ்சாபி சீக்கியருக்கு 'கராச்சி' கூட்டம். இந்தியாவா பாகிஸ்தானான்னு பார்த்தவங்களுக்குக் கவலை இல்ல, வெளிநாட்டு வில்லன், அது போதும். குடும்பத்துக்கே அந்த வேஷம் பழசு.

ஜிந்தர் 2011-ல் காளியோட மச்சான்னு சொல்லிக்கிட்டு டிவிக்கு வந்தார். பிறகு 'த்ரீ எம் பி'ங்கிற காமெடி கோஷ்டி. 2014-ல் வேலையை விட்டு அனுப்பினாங்க. 2016-ல் திரும்பக் கூப்பிட்டாங்க. உடம்பை முழுசா மாத்திட்டு வந்தார், ஆனா வேலை என்னமோ தோக்கிறதுதான். 2017 ஏப்ரல் 2, ரெஸில்மேனியாவில், பார்வையாளர் பக்கம் இருந்து எகிறி வந்த ராப் கிரோன்காவ்ஸ்கிங்கிற கால்பந்தாட்டக்காரர் அவரை இடிச்சுத் தள்ள, அடுத்த நொடி அவர் போட்டியிலிருந்தே வெளியே போனார். ஏப்ரல் 18, ஆறு பேர் மோதின மேட்ச்சை ஜெயிச்சு சவால் விடுற இடத்துக்கு வந்தார். மே 21, சாம்பியன்.

கணக்குப் போடுங்க. கால்பந்தாட்டக்காரர்கிட்ட இடி வாங்கினதுல இருந்து உச்சப் பட்டம் வரைக்கும் 49 நாள். ஒரு சபதம் எடுத்து, அதை நாம நம்பி, அதுக்காகக் காத்திருக்க 49 நாள்ல எங்கே நேரம்? என் நண்பன் கேட்டது இதைத்தான்.

ஒரே வேஷம், ரெண்டு ஊர்

அவசரத்துக்குக் காரணம் ரகசியம் இல்ல. அந்த வருஷங்கள்ல டபிள்யூ டபிள்யூ இ இந்தியச் சந்தையை வெளிப்படையாவே குறி வெச்சது. அது தப்பும் இல்ல, வியாபாரம். ஆனா எழுதின கதாபாத்திரத்தைப் பாருங்க. அமெரிக்க அரங்குல ஜிந்தர் தலைப்பாகையோட வந்து, "நான் உங்களை மாதிரி இல்லைன்னுதான் என்னை வெறுக்கிறீங்க"ங்கிற தொனியில் பேசி, நடுவுல பஞ்சாபிக்கு மாறுவார். கூட்டம் கத்தி விரட்டும். அதாவது அங்கே அவர் துரியோதனன். அதே எபிசோடு இந்தியாவுக்கு வரும்போது, நாம அவரைப் பீமனா பார்த்துக் கைதட்டணும்னு எதிர்பார்ப்பு.

ஒரே ராத்திரியில ஒரே ஆளுக்கு ரெண்டு வேஷமும் கட்ட முடியாது. நம்ம மொழியில பேசினதுக்காகவே வில்லன் ஆக்கப்பட்ட ஒருத்தரை, நம்ம பெருமைன்னு நாம எப்படித் தூக்கிக் கொண்டாடுறது? செப்டம்பர் மாசம் இன்னும் மோசம். ஜப்பானியரான ஷின்ஸுகே நகமுராவை அவர் முகத்தையும் பேச்சையும் வெச்சுக் கிண்டல் பண்ற காட்சியை ஜிந்தருக்கு எழுதிக் கொடுத்தாங்க. அரங்குல இருந்தவங்களே "இது இனவெறி"ன்னு கோஷம் போட்டாங்க. கெட்ட பேர் மேடையில நின்னவருக்குத்தான் போச்சு, எழுதினவங்களுக்கு இல்ல.

ஜூலை 23-ல் அதே பிலடெல்பியாவில், 'பேட்டில்கிரவுண்ட்' நிகழ்ச்சியில், 'பஞ்சாபி பிரிசன்' மேட்ச். மூங்கில் கூண்டுக்குள்ள கூண்டு. உள் கூண்டுல நாலு கதவு, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவை 60 விநாடி திறக்கும். 2006-ல் காளிக்காக உருவாக்கின மேட்ச் அது, முதல் தடவை நடந்தப்போ உடல்நிலை காரணமா காளியே அதுல இறங்கல. 2017-ல் அது மூணாவது தடவை. ஜிந்தர் ஜெயிக்க காளியே திடீர்னு வந்து ஆர்ட்டனைப் பிடிச்சு நிறுத்தினார். அதுக்கு முன்னாடி ஜிந்தரோட கூட்டாளிகளான சிங் பிரதர்ஸ்ல ஒருத்தர் கூண்டு மேல இருந்து வர்ணனையாளர் மேசை மேல விழுந்தார். முடிவு எழுதினதுதான், சரி. அந்த உயரமும் அந்த மேசையும் அந்த முதுகும் நிஜம். "எல்லாம் ஃபேக்"னு சொல்றவங்க இந்த இடத்துல ஒரு நிமிஷம் நிக்கணும். கூத்துல கட்டை கட்டி விடியவிடிய ஆடுறவரோட கால்வலியும் நடிப்பு இல்லையே.

நவம்பர் 7, இங்கிலாந்தின் மான்செஸ்டர். பே-பெர்-வியூ கூட இல்ல, வாராந்திர 'ஸ்மாக்டவுன்' நிகழ்ச்சி. ஏஜே ஸ்டைல்ஸ் ஜெயிச்சார். 170 நாள் முடிஞ்சது. அந்த மாசம் நடக்க வேண்டிய ஜிந்தர், பிராக் லெஸ்னர் மோதலும் ஸ்டைல்ஸ் கைக்குப் போச்சு. டிசம்பர் 9, டெல்லி இந்திரா காந்தி உள்ளரங்கம். எந்த நாட்டுக்காக அவரைச் சாம்பியன் ஆக்கினாங்களோ, அந்த நாட்டுக்கு அவர் வந்தப்போ கையில பெல்ட் இல்ல. மெயின் ஈவென்ட்ல கம்பெனியோட மேலதிகாரிகள்ல ஒருத்தரான ட்ரிபிள் எச்கிட்ட தோத்தார். அப்புறம் எல்லாரும் சேர்ந்து பாங்க்ரா ஆடினாங்க. சுபம்.

எனக்கு அந்த பாங்க்ராதான் உறுத்துது. படுகளத்துல துரியோதனனுக்கு ஒப்பாரி இருக்குன்னு சொன்னேன் இல்ல? விழுந்தவனும் ஒரு ராஜா, அவனுக்கும் அழ ஆள் இருக்குன்னு ஊரே ஒத்துக்கிற நேரம் அது. ஜிந்தருக்கு வில்லனா முழு மரியாதையும் கிடைக்கல, ஹீரோவா முழு வெற்றியும் கிடைக்கல. காமெடி கோஷ்டியில இருந்து மேலே ஏறி வந்த மனுஷன் அவர். அந்த ஏற்றத்தையே பொறுமையா ஒரு வருஷம் கதையா வளர்த்திருந்தா, இங்கிலீஷ் புரியாத ஒரு பாலக்கோட்டுப் பையனுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். காளி சேர்ந்தாரே!

2021 கடைசியில 'பே-பெர்-வியூ'ங்கிற வார்த்தையையே அவங்க விட்டுட்டாங்க, இப்போ 'பிரீமியம் லைவ் ஈவென்ட்'. இந்தியாவில் 2025 ஏப்ரல்ல இருந்து நெட்ஃபிளிக்ஸ்ல வருது. விடிகாலையில எழுந்திருக்க வேண்டிய அவசியமும் இல்ல, எப்போ வேணா பார்க்கலாம். பேர், விலை, சேனல் எல்லாம் மாறலாம். காத்திருக்க ஒரு காரணம் கொடுக்கிற வேலை மட்டும் அப்படியேதான் இருக்கு.

பங்குனி, சித்திரையில ஊர்ப்பக்கம் போறவங்க, பாரதம் எங்கே வெச்சிருக்காங்கன்னு விசாரிச்சுப் பாருங்க. படுகளத்துக்கு மட்டும் போய் நிக்காம, சூது துகில் கூத்து நடக்கிற ராத்திரியில இருந்தே உட்காருங்க. அப்புறம் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட தாரா சிங், கிங்காங் பத்திக் கேட்டு, அவங்க சொல்றதை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதா ஒரு பத்து சேர்ந்தா அதையே ஒரு எபிசோடா போட்டுடலாம்.